கூத்துப் படவில்லைகளும் அவற்றின் தூய்மையாக்கமும்

மட்டக்களப்புக் கூத்தினை ஆராய்வோர் ஏடுகளைத் தேடிய அளவிற்கு ஆற்றுகையின் காட்சிச் சான்றுகளைத் தேடினாரல்லர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைப் பேராதனையில் மேடையேற்றிய 1960கள், ஸ்லைட் எனப்படும் வண்ணப் படவில்லைகள் பரவிய காலமுமாகும். படவில்லைக்கு நெகற்றிவ் கிடையாது. கமெராவினுட் சென்ற படச்சுருளே படமாகிறது. அது கெடின் மூலமே கெட்டதாகும்.

எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும் வாவியோரத்தில் இக்கேடு விரைவிலே நேர்கிறது. காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டிப் பலநாள் நிற்குமாயின் பூஞ்சணம் தழைக்கும். மாரிகாலத்தில் அஃது இங்கு இயல்பு. விலங்கின் எலும்பு, தோல் என்பவற்றிலிருந்து பெறப்படும் ஜெலற்றின் படலமே அதற்கு உணவு. கண்ணாடிச் சட்டமிட்டவை தப்பும் என்பாருளர். உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேற வழியின்மையால் அவையே பெரிதும் பழுதுறுகின்றன.

பூஞ்சணம் பற்றிய படவில்லையை நீராற் கழுவலாகாது. பூஞ்சணம் ஜெலற்றினைச் சிதைத்து நீரிற் கரையத்தக்கதாக்கிவிடுவதால் அழுக்குடன் படமும் கரைந்தோடும். தூசியை ஊதி அகற்றியபின், 98 சதவீதத்துக்குக் குறையாத ஐசோபுரொப்பைல் அற்ககோலிற் பஞ்சினை நனைத்து மெல்லத் துடைத்தல் வேண்டும். மருந்துக்கடையிற் கிடைக்கும் 70 சதவீதக் கரைசல் இதற்கு உதவாது. எஞ்சியதிற் பெரும்பகுதி நீரே. ஆனால் 1978 சூறாவளி, 2004 ஆழிப்பேரலை போன்ற அனர்த்தங்களின்போது புதிதாக நனைந்தவற்றுக்கு முறை வேறு. அவை ஒன்றோடொன்று ஒட்டிக் காயுமுன் தூய குளிர்நீரில் உப்பும் சேறும் நீங்க அலசி, தனித்தனியே உலர்த்துதல் வேண்டும்.

நிறத்தைப் பற்றியே நாம் அதிகம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். கொடாக்குரோம் இருளில் நன்கு நிலைக்கும். அக்கால எக்டாகுரோமிலோ நீலப்பச்சைச் சாயம் இருளிலேயே மங்குகிறது, படம் செம்மையேறுகிறது. வடமோடி அரசனின் கரப்புடுப்புச் சிவப்பாகத் தோன்றுவதைக் கொண்டு மரபு பற்றி முடிவு கூறுதல் பேதைமை. கணினியில் அதனைத் ‘திருத்துவதும்’ ஊகமே. எனவே திருத்தாத பிரதியொன்றைத் தனியே பேணுதல் வேண்டும்.

சட்டத்து எழுத்தைத் துடைக்குமுன் அதனையும் படமெடுத்துக்கொள்ளல் வேண்டும். அதிற் பெரும்பாலும் ‘கர்ணன்’ என்றிருக்கும். பகலில் வயலிலும் வாவியிலும் உழைத்து இரவிற் கர்ணனாக ஆடியவரின் பெயர் இராது. படத்தை அவ்வூர் முதியோரிடம் கொண்டுசென்று ஆடியவர், மத்தளம் அடித்தவர், உடுப்புக் கட்டியவர் ஆகியோரின் பெயர்களையும் உடுப்பின் நிறத்தையும் கேட்டெழுதுவதைப் புனரமைப்பின் ஒரு பகுதியாகவே நாம் கருதுகிறோம். நினைவுடையோர் ஆண்டுதோறும் குறைந்து வருவதால் அற்ககோலும் பஞ்சும் வாங்குமுன்னரே இவ்வேலையைத் தொடங்கலாம்.