வெந்நீர் ஊற்றில் ஒரு மாணவரின் தேடல்: பலன் யாருக்கு?

புது தில்லி: தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி அமைந்துள்ள மந்திர் மார்க்கிலிருந்து ஹரியாணாவின் சோனா வெந்நீர் ஊற்று சுமார் 60 கி.மீ. தொலைவில்தான் உள்ளது. நீராடவும் வழிபடவும் மக்கள் செல்லும் இடம் அது. வெப்பத்தை விரும்பும் நுண்ணுயிரிகளைத் தேடி மாணவர்களும் செல்லத்தக்க இடம்.

இத்தகைய தேடலை எளிதாக எண்ணிவிட முடியாது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1966-இல் பேராசிரியர் தாமஸ் பிராக்கும் இளநிலை மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் மேற்கொண்ட ஆய்வில், 70 டிகிரி செல்சியஸில் செழிக்கும் 'தெர்மஸ் அக்குவாட்டிகஸ்' என்ற பாக்டீரியா கிடைத்தது. கொதிநிலையை நெருங்கும் வெப்பத்திலும் சிதையாத அதன் நொதியே, மரபணுவைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். முறையை நடைமுறைக்கு ஏற்றதாக்கியது. கரோனா காலத்தில் வீடுதோறும் பேசப்பட்ட பரிசோதனையின் அடிப்படையும் இம்முறைதான். இதன் காப்புரிமை 1991-இல் ரோச் நிறுவனத்துக்கு 30 கோடி டாலருக்குக் கைமாறியது. பூங்காவுக்கோ ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை.

இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் நுண்ணுயிரிகளையும் உயிரியல் வளமாகவே கருதுகிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் அவற்றைப் பெற, சென்னையில் இயங்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி தேவை. பலனில் பங்கு கோரவும் வழியுண்டு. ஆனால், ஊற்றில் வாழ்வது எதுவென்று அறியாதவர் எதைக் காட்டிப் பங்கு கேட்பது? உள்ளூர் பல்லுயிர்ப் பதிவேட்டில் மரமும் மாடும் எளிதில் இடம்பெறும். நுண்ணோக்கிக்கு மட்டுமே புலப்படும் உயிரைப் பதிய, பயின்ற கண்கள் வேண்டும்.

களப் பயணத்துக்குத் தேவையானவையும் அதிகமில்லை: வெப்பமானி, கிருமி நீக்கிய புட்டிகள், இடமும் நேரமும் வெப்பநிலையும் குறிக்க ஒரு குறிப்பேடு.