டிஸ்னி வேர்ல்டின் சாப்பாட்டுத் திட்டம்: யாருக்கு லாபம்?

அமெரிக்காவின் ஃபிளாரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் 25,000 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் குடும்ப சகிதமாகப் போக உத்தேசித்து, விமான டிக்கெட்டும் விடுதி அறையும் நான்கு பூங்காக்களின் நுழைவுச் சீட்டுகளும் ஏற்பாடு செய்து முடித்து, இனிமேல் செலவு இல்லை என்று ஒருவர் பெருமூச்சு விடுகிற சமயத்தில், இன்னும் ஒரு கேள்வி அவருக்காகக் காத்திருக்கும். சாப்பாட்டுக்கும் இப்போதே பணம் கட்டிவிடுகிறீர்களா என்பதே அந்தக் கேள்வி. கட்டிவிட்டால் அங்கே போய்ப் பணப்பையைத் திறக்கும் சிரமம் இல்லை, குழந்தை கேட்டதையெல்லாம் யோசனையின்றி வாங்கித் தரலாம் என்றெல்லாம் ஆசை காட்டும் அந்தத் திட்டத்தில் நமக்கு லாபம் உண்டா, நஷ்டமா என்பதைக் கொஞ்சம் சாவகாசமாகவே பார்க்கலாம்.

டிஸ்னி ஸ்தாபனம் இந்த ஏற்பாட்டை 2005-ஆம் ஆண்டில் ஆரம்பித்தது. 2020-இல் தொற்றுநோய் பரவிப் பூங்காக்கள் மூடப்பட்டபோது இதுவும் நின்றுபோயிற்று. ஒரு சாப்பாட்டுச் சீட்டுக்கும் ரசிகர்கள் உண்டு என்பதை நம்புவது கஷ்டந்தான். ஆனால் அவர்கள் எப்போது வரும், எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2024 ஜனவரி 9 முதல் அது திரும்ப வந்தது. ஸ்தாபனத்தின் சொந்த விடுதிகளில் தங்குகிறவர்கள்தாம் இதை வாங்க முடியும். அறையில் தங்கும் 3 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவருக்கும், தங்குகிற அத்தனை இரவுகளுக்கும், ஒரே வகைத் திட்டத்தையே வாங்க வேண்டும். பேரனுக்கு வேண்டும், பாட்டிக்கு வேண்டாம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. வாங்கியதும், மெஸ்ஸில் மாதச் சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு வேளைக்கு ஒன்றாகக் கிழித்துக் கொடுப்பதைப் போலவே, ஒவ்வொருவர் பேரிலும் இத்தனை சாப்பாடு, இத்தனை சிற்றுண்டி என்று கணக்கில் ஏறிவிடும். அதை இங்கே டோக்கன் என்றே வைத்துக்கொள்வோம்.

வகைகள் இரண்டு. கவுண்டரில் வரிசையில் நின்று தட்டில் வாங்கிவந்து உண்ணும் சாப்பாடு இரண்டும், ஒரு சிற்றுண்டியும் ஓர் இரவுக்கு என்ற விகிதத்தில் கொடுப்பது முதல் வகை. அந்த இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு, பணியாளர் வந்து பரிமாறும் மேஜைச் சாப்பாடு ஒன்றை வைத்தால் அது இரண்டாவது வகை. இரண்டிலும் விடுதியில் காபி, சோடா முதலியவற்றை வேண்டிய மட்டும் நிரப்பிக்கொள்ள ஆளுக்கு ஒரு குவளை உண்டு. 2024-இல் முதல் வகைக்குப் பெரியவர் ஒருவருக்கு இரவொன்றுக்கு 57 டாலர் 1 சென்ட், 3 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைக்கு 23 டாலர் 83 சென்ட். இரண்டாவது வகைக்குப் பெரியவருக்கு 94 டாலர் 28 சென்ட், குழந்தைக்கு 29 டாலர் 69 சென்ட். பிறகு விலை ஏறியிருக்கிறது. உணவுப் பட்டியலின் விலையும் கூடவே ஏறியிருப்பதால், கணக்கின் போக்கு மாறவில்லை.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். மேஜிக் கிங்டம் பூங்காவில் மத்தியானம் கவுண்டரில் ஒரு ஹாம்பர்கரோ, பொரித்த கோழித் துண்டுகளும் உருளைக்கிழங்கு வறுவலுமோ வாங்கினால் ஏறத்தாழ 14 டாலர் ஆகும். கூட ஒரு சோடாவுக்கு 5 டாலர். இப்படி இரண்டு வேளைக்கு 38. மாலையில் அலோஹா ஐல் என்ற கடையில், வெயிலுக்கு இதமாக அன்னாசி மணக்கும் டோல் விப் என்ற ஐஸ்கிரீம் ஒரு கோப்பை 6 அல்லது 7 டாலர். குவளையைத் தனியாகக் கடையில் வாங்கினால் 20 டாலருக்கு மேல். ஐந்து இரவுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 4 டாலருக்குச் சற்று அதிகம். எல்லாவற்றையும் கூட்டினால் 50 டாலரைத் தொடுவதே அபூர்வம். ஆக, கையில் ரொக்கமாக 50 டாலருக்குச் சாப்பிடக்கூடியதை, முன்கூட்டியே 57 டாலர் கொடுத்து வாங்கும் சௌபாக்கியம் திட்டத்தைச் சேர்ந்தவருக்குக் கிடைக்கிறது. சோடா வேண்டாம், தண்ணீர் போதும் என்கிற ஆசாமியாக அவர் இருந்தால் வித்தியாசம் இன்னும் பத்து டாலர் விரியும்.

பிறகு யார்தான் இதில் லாபம் அடைகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனால், விடை தட்டில் இல்லை, கோப்பையில் இருக்கிறது. சாப்பாட்டோடு வரும் பானம், 21 வயது நிரம்பியவருக்கு, பீராகவோ ஒயினாகவோ கலவை மதுவாகவோ இருக்கலாம் என்பது விதி. அந்தப் பானங்கள் அங்கே பத்து டாலருக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. இரண்டு வேளையும் சோடாவுக்குப் பதில் பீர் குடிப்பவரின் கணக்கு 50-லிருந்து 60-க்குத் தாவி, திட்டத்தின் விலையைத் தாண்டிவிடுகிறது. கவுண்டர் சாப்பாட்டுத் திட்டம் பெரியவர்களுக்குக் கட்டுப்படியாவது பெரும்பாலும் இந்த ஒரே வழியில்தான். மது அருந்தும் வழக்கமில்லாத குடும்பம் இந்த விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொண்டுவிட்டால், மேற்கொண்டு பென்சிலும் காகிதமும் தேட வேண்டியதில்லை.

இதைவிட அநியாயமான நிலை ஒன்று உண்டு. அது பத்து, பதினொரு வயதுப் பிள்ளையின் நிலை. திட்டத்தின் சாஸ்திரப்படி பத்து வயது ஆனவுடன் அவன் பெரியவன். பெரியவர்களின் விலையைக் கொடுத்து, பெரியவர்களின் பட்டியலிலிருந்துதான் அவன் வாங்க வேண்டும். சட்டப்படியோ அவன் குழந்தை, பீரைத் தொட முடியாது. வயிறோ அரைத் தட்டோடு நின்றுவிடும். தாய் தந்தை இருவர், 11 வயதுப் பையன், 7 வயதுப் பெண் கொண்ட குடும்பம் ஐந்து இரவு தங்கினால் 2024-இன் விலைப்படி கவுண்டர் திட்டத்துக்கு 974 டாலர் 30 சென்ட், மேஜைத் திட்டத்துக்கு 1,562 டாலர் 65 சென்ட் ஆகும். இதில் அந்தப் பையனின் பங்கைத் தனியே எடுத்துப் பார்க்கிற தகப்பனாருக்கு, பிள்ளையின் வயதைப் பற்றிய பெருமிதம் சற்றே குறையும்.

அந்த 7 வயதுப் பெண்ணின் விஷயம் நேர்மாறானது. மிக்கி மவுஸும் டொனால்டு வாத்தும் மேஜைமேஜையாக வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் விருந்துகள் இந்தப் பூங்காக்களின் பெரிய ஆகர்ஷணம்; கன்டெம்பரரி விடுதியில் உள்ள செஃப் மிக்கீஸ் அவற்றுள் பிரசித்தமானது. அங்கே ராத்திரி விருந்துக்குப் பெரியவருக்கு 60 டாலருக்கு மேல், குழந்தைக்கு 40 டாலர் அளவில் ஆகிறது. குழந்தையின் மேஜைத் திட்டமோ, 2024-இன் விலைப்படி, நாள் முழுவதற்கும் 30 டாலர்கூட இல்லை. ஒரே விருந்தில் போட்ட பணம் வட்டியுடன் திரும்பிவிடுகிறது. பெரியவருக்கும், தினந்தோறும் இப்படி ஒரு விருந்து உண்டு என்றால் 94 டாலர் ஏறக்குறைய ஈடாகிவிடும். ஆனால் இந்தக் கதாபாத்திரங்கள் வராத சாதாரண உணவகத்தில் ஒரு பிரதான உணவு, ஓர் இனிப்பு, ஒரு பானம் என்று 40 டாலருக்குச் சாப்பிட்டால் அதே டோக்கன் போய்விடும். அன்றைக்கு இருபது டாலருக்கு மேல் நஷ்டம். சின்டரெல்லாவின் மாளிகைக்குள் இருக்கும் உணவகத்தைப் போன்ற உயர்ந்த இடங்களில் ஒருவருக்கு இரண்டு டோக்கன் கேட்பார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2026-ஆம் ஆண்டு தங்குகிறவர்களில், பெரியவர்கள் திட்டம் வாங்கினால் 3 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்கு இலவசம் என்று ஸ்தாபனம் அறிவித்திருப்பதால், சிறு குழந்தைகள் இரண்டு மூன்று பேர் உள்ள வீட்டில் தராசு திட்டத்தின் பக்கம் இன்னும் சாயும்.

மேஜைச் சாப்பாட்டுக்கு வேறு இரண்டு செலவுகளும் உண்டு. விளம்பரத்தில் அவை எடுப்பாகத் தெரிவதில்லை. ஒன்று டிப்ஸ். வரி திட்டத்தில் அடக்கம்; டிப்ஸ் அடக்கமில்லை. அமெரிக்க சம்பிரதாயப்படி பில் தொகையில் 18 முதல் 20 சதவீதம் வரை கொடுக்க வேண்டும். நான்கு பேர் சாப்பிட்ட விருந்தின் விலை 220 டாலர் என்றால், டோக்கனைக் கொடுத்துவிட்டு எழுந்துவிட முடியாது. இன்னும் நாற்பது டாலர் கையிலிருந்து போகும். மற்றொன்று நேரம். உட்கார்ந்து பரிமாறும் விருந்துக்கு ஒரு மணி நேரமாவது ஆகும்; நல்ல இடமாக வேண்டுமென்றால் 60 நாள் முன்னதாகவே முன்பதிவு செய்திருக்கவும் வேண்டும். டோக்கன் இருப்பது மேஜை கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமல்ல.

நியூஜெர்ஸியிலோ டெக்ஸாஸிலோ இருக்கும் மகளின் வீட்டுக்குப் போய், பேரக் குழந்தைகளுடன் ஆர்லாண்டோவுக்குப் பிரயாணப்படும் சைவ உணவுக்காரத் தாத்தா பாட்டிகள் இப்போது ஏராளம். அவர்களுக்கு அங்கே பட்டினி இல்லை. மாமிசம், பால், முட்டை, தேன் எதுவும் சேராத உணவுகளுக்குப் பட்டியலில் இலைச் சின்னம் போடும் வழக்கம் 2019 முதல் இருக்கிறது. ஆனால் டோக்கனுக்குச் சைவம், அசைவம் என்ற பேதம் தெரியாது. பக்கத்து மேஜைக்காரர் மாட்டிறைச்சி ஸ்டேக்குக்குக் கொடுக்கும் அதே டோக்கனைத்தான் நாம் காய்கறிக் கிண்ணத்துக்குக் கொடுக்கிறோம்; பட்டியலில் அதன் விலையோ பல சமயம் பத்து டாலர் குறைவாக இருக்கும். அனிமல் கிங்டம் விடுதியில், ஒட்டகச்சிவிங்கிகளும் வரிக்குதிரைகளும் மேய்வதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே சாப்பிடக்கூடிய சானா என்ற உணவகத்தில், நான், குல்சா, பராத்தா வகையறாக்களை ஒன்பது விதச் சட்னி, தொக்குகளுடன் கொண்டுவந்து வைப்பார்கள். நம் நாக்குக்கு அந்த வட்டாரத்திலேயே இதுதான் விசேஷம் என்பேன். ஆனால் பட்டியலில் அது முன்னுணவு என்ற தலைப்பில் இருக்கிறது. மேஜைத் திட்டத்திலோ பிரதான உணவு, இனிப்பு, பானம் மூன்றுதான் சேர்த்தி. அதோடு, டிஸ்னி வேர்ல்டுக்குள் கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் தவிர நம் சாப்பாட்டை நாமே எடுத்துப்போகலாம். சோடா ஊற்றிக் கொடுக்கும் கவுண்டர்களில் ஐஸ் போட்ட தண்ணீரைக் காசில்லாமல் கேட்டு வாங்கலாம். சப்பாத்தியும் புளியோதரையும் கட்டிக்கொண்டு போகும் குடும்பத்தை யாரும் வாசலில் தடுப்பதில்லை.

இவ்வளவு தெளிவாகக் கணக்கு எதிர்த்து நிற்கும்போதும் ஜனங்கள் ஏன் விரும்பி வாங்குகிறார்கள்? டிரேஸன் பிரெலக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1998-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு நியாயமான விளக்கம் இருக்கிறது: பணம் கொடுக்கும்போது மனசில் ஒரு வலி உண்டாகிறது, முன்கூட்டியே கொடுத்துவிட்டால், அனுபவிக்கும் நேரத்தில் அந்த வலி இல்லை. 2006-இல் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் உல்ரிகே மால்மென்டியரும் உடற்பயிற்சிக் கூடங்களின் கணக்கை ஆராய்ந்தபோது, ஒரு தடவைக்குப் பத்து டாலர் கொடுத்து வந்துபோக வசதியிருந்தும், மாதச் சந்தா கட்டினவர்கள் வரும் தடவைகளைக் கொண்டு வகுத்தால் தடவைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்தார்கள் என்று கண்டார்கள். நாளைக்கு நாம் இன்றைவிட அதிகமாக ஓடுவோம், அதிகமாக உண்போம் என்கிற பிரமை மனித சுபாவம்.

பிரமை கலைகிற இடம் கடைசி நாள். இரவுக் கணக்கில் கொடுத்த டோக்கன்கள் புறப்படும் தினத்தின் நள்ளிரவோடு காலாவதி ஆகிவிடும். மீதிக்குப் பணம் திரும்ப வராது. எனவே புறப்படும் காலையில் விடுதியின் கடையில், பொட்டலமிட்ட பொரியரிசி இனிப்புகளையும் குக்கிகளையும், வேண்டுமா வேண்டாமா என்ற விசாரணையே இல்லாமல், டோக்கன் தீருமட்டும் கூடையில் அள்ளிப் போடுகிறவர்களைக் காணலாம். வெளியே இரண்டு டாலருக்குக் கிடைக்கும் பண்டம் அது. திட்டத்தால் மிச்சமானது என்று ஊரில் போய்ச் சொல்கிற கணக்கில் இதுவும் பட்டியல் விலைப்படி சேர்ந்துவிடும் என்பதுதான் வேடிக்கை.

ஸ்தாபனத்துக்கு இதில் என்ன ஆதாயம் என்பது மறைபொருள் அல்ல. பணம் முன்னாலேயே வந்துவிடுகிறது. வந்தவர் வெளியே எங்கேயும் சாப்பிடப் போகமாட்டார். சாப்பாட்டுக்கும் பூங்காவுக்கும் உள்ள உறவு பழையது. கலிஃபோர்னியாவில் புவெனா பார்க் என்ற ஊரில், 1934-ஆம் ஆண்டு கார்டீலியா நாட் என்ற அம்மாள் 65 சென்ட்டுக்குக் கோழிச் சாப்பாடு போட ஆரம்பித்தார். கூட்டம் பெருகி, இடம் கிடைக்கக் காத்திருந்தவர்களுக்குப் பொழுதுபோக்காக அவருடைய கணவர் வால்டர் நாட் 1940-இல் கட்டத் தொடங்கிய பழைய ஊர் ஒன்றே வளர்ந்து நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற பூங்காவாயிற்று. அங்கே சாப்பாட்டுக்காகப் பூங்கா வந்தது; ஆர்லாண்டோவில் பூங்காவுக்காகச் சாப்பாட்டை வாங்கச் சொல்கிறார்கள்.

முடிவு செய்ய வழி சுலபம். உணவகங்களின் பட்டியலை விலையோடு ஸ்தாபனமே வெளியிடுகிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, திட்டம் இல்லாவிட்டால் உங்கள் குடும்பம் என்ன வாங்கும் என்று மட்டும் எழுதிக் கூட்டுங்கள்; டோக்கன் இருந்தால் என்ன வாங்கலாம் என்று எழுதாதீர்கள். ஒன்பது வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும், அநேகமாக ஒவ்வொரு நாளும் கதாபாத்திரங்களோடு ஒரு விருந்தும், பெரியவர்களுக்கு வேளைக்கு ஒரு கோப்பை மதுவும் உங்கள் உத்தேசத்தில் இருந்தால் மேஜைத் திட்டத்தைத் தயங்காமல் வாங்கலாம். சைவமோ, மது அருந்தாதவரோ, பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளை உடையவரோ ஆனால், இரண்டு திட்டமும் வேண்டாம். குழந்தை ஆசைப்படும் ஒரே ஒரு விருந்துக்கு மட்டும் 60 நாள் முன்னதாக இடம் பதிவு செய்துவிட்டு, மற்ற வேளைகளுக்கு அன்றன்றைக்குக் கையிலிருந்து கொடுத்துச் சாப்பிடுங்கள்.