சம்பளக் கடிதத்தை வாசிக்கும் முறை

அண்மையில் தந்தை ஒருவர், தம் மகனுக்குத் துபாயிலிருந்து வந்த நியமனக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். சப்ளை செயின் மேலாளர் பதவி. "மாதம் 10,000 திர்ஹம். நல்ல சம்பளம்தானே ஹஜ்ரத்?" என்று கேட்டார். ஒரு சொல்லில் விடை கூறக்கூடிய கேள்வியா இது?

கொள்முதல், கிடங்கு, கப்பல், லாரி, கடை என நீளும் சரக்குச் சங்கிலி அறுபடாமல் காப்பதே இம்மேலாளரின் பணி. தொடக்கத்தில் கிடங்குக் கணக்கு எழுதுபவர், எவ்வளவு சரக்கை இருப்பில் வைப்பது, எவ்வழியில் அனுப்புவது என்று முடிவு செய்பவராக உயரும்போது சம்பளமும் உயர்கிறது. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை ஒரு கப்பல் ஆறு நாட்கள் அடைத்துக்கொண்டது. 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கியபின் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. அத்தகைய வேளைகளில்தான் அனுபவத்தின் விலை தெரிகிறது.

நாட்டுக்கு நாடும் சம்பளம் வேறுபடும். அமெரிக்க அரசின் 2024 மே மாதக் கணக்குப்படி, போக்குவரத்து, கிடங்கு மேலாளர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 1,02,010 டாலர். அவர்களில் பாதிப்பேர் இதற்கு மேலும், பாதிப்பேர் கீழும் பெறுகின்றனர். அத்தொகையில் வருமானவரி கழியும். ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமானவரி இல்லை. ஆனால் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் கையைக் கடிக்கும். எனவே தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மகிழ்வது மட்டும் போதாது.

பெற்றோர் பலர் கவனிக்கத் தவறுவது 'அடிப்படைச் சம்பளம்' என்னும் வரியையே. அமீரகத்தின் தனியார்துறைத் தொழிலாளர் சட்டப்படி, பணிக்கொடை அதன்மீதே கணக்கிடப்படுகிறது. வீட்டுப்படியும் போக்குவரத்துப்படியும் அதில் சேரா. முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் ஊதியம். அதன்பின் ஆண்டுக்கு 30 நாள். பத்தாண்டு முடிவில் 255 நாள் ஊதியம் சேரும். மொத்தம் 10,000 திர்ஹம் பெறும் இருவரில், இறுதியில் அடிப்படை 6,000 உள்ளவருக்கு 51,000 திர்ஹம் கிடைக்கும். 4,000 உள்ளவருக்கு 34,000 மட்டுமே. மாதந்தோறும் கையில் வாங்கியது ஒன்றாயினும், ஊர் திரும்பும்போது 17,000 திர்ஹம் வேறுபாடு!

சவூதி அரேபியாவில் விதி வேறு. அங்கு முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு அரைமாத ஊதியம், அதன்பின் ஒரு மாத ஊதியம். ஆனால் தாமாகவே பணி விலகினால், இரண்டு முதல் ஐந்தாண்டு வரை பணிபுரிந்தவருக்கு மூன்றில் ஒரு பங்கும், பத்தாண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்குமே உண்டு. அவசரப்பட்டு வேலை மாறும் இளைஞர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அத்தந்தை கண்ணாடியை அணிந்து கடிதத்தை மீண்டும் வாசித்தார். அடிப்படைச் சம்பளம் 4,000 என்றிருந்தது. கையொப்பமிடுமுன் நிறுவனத்தாரிடம் அதைப் பேசிக்கொள்ளுமாறு அன்றிரவே மகனிடம் கூறினார். கேட்பதில் குறைவில்லை, கையொப்பமிட்ட பின்னர் கேட்பதில் பயனும் இல்லை.