பிலிப் கிளாஸின் முதல் வயலின் கான்செர்ட்டோ

தனிக் கருவி ஒன்றும் முழு இசைக்குழுவும் எதிரெதிராகவும் இணைந்தும் இசைக்கும் மேலை இசை வடிவம் கான்செர்ட்டோ. வேகம், நிதானம், மீண்டும் வேகம் என்ற மூன்று பகுதிகள் விவால்டி காலத்திலிருந்தே அதன் மரபு.

அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் (பிறப்பு 1937), சிறு இசைத்துணுக்குகளைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து, சிறுகச் சிறுக மாற்றும் மினிமலிச முறைக்குப் பெயர் பெற்றவர். 1987இல் வயலின் கான்செர்ட்டோ எழுத முனைந்தபோது ஐந்து சிறு பகுதிகளை எண்ணினார். முடிவில் மூன்று பகுதி மரபுக்கே வந்து சேர்ந்தார்.

இப்படைப்பை அவர் தம் தந்தையை நினைத்து எழுதினார். பால்டிமோரில் இசைத்தட்டுக் கடை நடத்திய அவர், முறையாக இசை பயிலாதவர். ஆனால் மெண்டல்சனின் வயலின் கான்செர்ட்டோவை விரும்பிக் கேட்டவர். மகன் இதை எழுதியபோது அவர் உயிருடன் இல்லை. அவர் கேட்டிருந்தால் பிடித்திருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

இரண்டாம் பகுதியைக் கவனியுங்கள். கீழிறங்கும் அடிச்சுர வரிசை ஒன்று மாறாமல் சுழல, அதன்மேல் வயலின் மெல்ல உயர்கிறது. இது பாஸ்ஸகாலியா என்னும் பழைய உத்தி. திரும்ப ஒலித்தல் கிளாஸுக்கும் பழைய மரபுக்கும் பொது என்பதால், புதுமையும் மரபும் இங்கே மோதவில்லை. மூன்றாம் பகுதி வேகமாகத் தொடங்கி, அமைதியில் முடிகிறது.

1987 ஏப்ரலில் பால் ஜூகோஃப்ஸ்கி இதை நியூயார்க்கில் முதன்முதலாக வாசித்தார்.