நூறாண்டு இழைப்புளி ஏன் இன்னும் சீவுகிறது?

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பழைய கைக்கருவிகளைத் தேடி வாங்கித் துருப்போக்கி மீண்டும் வேலைக்குக் கொண்டுவரும் ஆர்வலர்கள் ஏராளம். பழைய கருவிகளை ஆராய்ந்து பாதுகாக்கும் அமெரிக்கச் சங்கம் ஒன்றுக்கு 1933 தொடங்கி வரலாறு உண்டு. இவர்கள் கையில் மிகுதியாகச் சிக்கும் பொருள், ஸ்டான்லி என்ற பெயர் பொறித்த இரும்பு இழைப்புளி. அதில் நான்காம் எண் ஒன்பது அங்குல நீளம், ஐந்தாம் எண் பதினான்கு, ஏழாம் எண் இருபத்திரண்டு. நூறு ஆண்டுக்கு முந்தைய ஒன்றைத் துடைத்துத் தீட்டினால் தாளைவிட மெல்லிய சுருளை அது இன்றும் சீவித் தள்ளுகிறது. பார்ப்பவர்கள் உடனே சொல்வது, ‘அந்தக் காலத்து இரும்பு அப்படி!’ இந்தப் பாராட்டு இடம் மாறிப் போகிறது என்பது என் கருத்து. அந்த இழைப்புளியை வாழவைத்தது இரும்பின் தரத்தைவிட அதன் அமைப்புதான். வைத்திருப்பவரே கழற்றி, புரிந்துகொண்டு, சரிசெய்து பூட்டும்படி அதைச் செய்திருக்கிறார்கள்.

இழைப்புளி மிகப் பழைய கருவி. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரிலேயே ரோமானியர்களின் இழைப்புளிகள் கிடைத்துள்ளன. மரக்கட்டையில் ஒரு சாய்வான வாய், அதில் ஒரு பிளேடு, அதை இறுக்க ஓர் ஆப்பு. நம் ஆசாரிகளின் மர இழைப்புளியும் இந்த வகைதான். பிளேடு எவ்வளவு வெளியே நீள வேண்டும் என்பதைச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் வைக்க வேண்டும். தேர்ந்த கைக்கு அது நொடி வேலை, பழகாத கைக்குப் பெரும் சோதனை. பாஸ்டன் நகரில் இருந்த லியனார்ட் பெய்லி இதற்கு இரும்பில் விடை தேடினார். 1858-இல் ஒரு காப்புரிமை, 1867-இல் இன்னொன்று. கனெக்டிகட் மாநிலத்து நியூ பிரிட்டனில் இயங்கிய ஸ்டான்லி நிறுவனம் 1869-இல் அவருடைய உரிமைகளை வாங்கிக்கொண்டது. இன்று உலகெங்கும் விற்கும் இரும்பு இழைப்புளிகளில் பெரும்பாலானவை அந்த அமைப்பின் வழிவந்தவையே.

அதைப் பிரித்துப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். அடியில் சமதளமாகச் செதுக்கிய வார்ப்பிரும்பு உடல். அதன்மேல் 45 பாகைச் சாய்வில் ஒரு தாங்கி, அதைத் தவளை என்றே அங்கே அழைக்கிறார்கள். தவளையின் முதுகில் பிளேடு, பிளேடின் மேல் ஒரு மேல்தகடு, எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க ஒரு பூட்டுத்தகடு. பூட்டுத்தகட்டின் சிறு நெம்பைத் தூக்கினால் போதும், பிளேடு கையோடு வந்துவிடும். பின்புறம் உள்ள பித்தளைச் சக்கரத்தைத் திருப்பினால், கவட்டை போன்ற ஒரு நெம்புகோல் அசைந்து பிளேடை மயிரிழை அளவுக்கு முன்னோ பின்னோ நகர்த்தும். பிளேடு ஒரு பக்கம் சாய்ந்தால் நேராக்கத் தனி நெம்பு. இரண்டு திருகாணிகளைத் தளர்த்தித் தவளையை நகர்த்தினால் வாயின் அகலம் மாறும். தேயும் பகுதி எதுவானாலும் அது தனியே கழன்று வரும். ஒட்டி மூடியது, பற்றவைத்தது என்று இதில் எதுவும் கிடையாது.

துருவேறிய இழைப்புளியை மீட்பது அதனால்தான் சாத்தியமாகிறது. சலவைச் சோடா கரைத்த நீரில் அதைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை இழைப்புளிக்கும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் துண்டுக்கும் கொடுத்தால், துரு தளர்ந்து உதிரும், நல்ல இரும்பு தேயாது. (நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடவே கூடாது, நச்சான குரோமியச் சேர்மம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும்.) பிளேடு குழிகுழியாக அரித்துப் போயிருந்தால் புதிது வாங்கிப் போடலாம். வேறு நிறுவனம் இன்று செய்யும் இரண்டு அங்குல பிளேடு, நூறு ஆண்டுக்கு முந்தைய நான்காம் எண் உடலில் பொருந்துகிறது. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

பழைய எஃகுதான் சிறந்தது என்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அக்காலத்து பிளேடு சாதாரணக் கரி எஃகு. சாணைக்கல்லில் விரைவாகக் கூர்மை ஏறும், ஆனால் இன்றைய கலப்பு எஃகு பிளேடுகளில் கூர்மை அதிக நேரம் நிற்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலம் இன்னொரு சான்று. பித்தளைக்குத் தட்டுப்பாடு வந்தபோது சரிசெய்யும் சக்கரத்தை இரும்பிலும் கடின ரப்பரிலும் செய்தார்கள். ரோஸ்வுட் கைப்பிடி போய், சாயம் பூசிய சாதாரண மரம் வந்தது. அந்த இழைப்புளிகளும் இன்றுவரை இழைக்கின்றன. பொருள் தாழ்ந்தது, அமைப்பு காப்பாற்றியது.

‘கெட்டவை எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும், தப்பிய நல்லவற்றை மட்டும் பார்த்துப் பழமையைப் புகழ்கிறீர்கள்’ என்ற மறுப்பு கனமானது, ஓரளவு உண்மையும்கூட. அந்தக் காலத்திலும் மட்டமான கருவிகள் விற்றன. ஆனால் எது தப்பியது, எப்படித் தப்பியது என்று பார்க்க வேண்டும். ஈரக் கொட்டகையில் பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தவையும் திரும்பி வருகின்றன. அவை தாமாகத் தப்பவில்லை, பழுதுபார்க்க முடிந்ததால் தப்பின. இந்த அமைப்புக்கும் குறைகள் உண்டு. வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் விரிசல் விடும், அதைச் சீராக்குவது கடினம். சில திருகாணிகளின் மரை இன்றைய ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் அளவல்ல. தொலைந்தால், உடைந்த இன்னொரு ஸ்டான்லியிலிருந்துதான் எடுக்க வேண்டும். உடைந்ததையும் எறியாமல் உறுப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் ஆர்வலர் கூட்டம் இங்கேதான் உண்மையாகப் பயன்படுகிறது.

அவர்களால் அறிவும் மீள்கிறது. நார் எதிர்வாக்கில் ஓடும் மரத்தை இழைத்தால், பிளேடின் நுனிக்கு முன்னாலேயே நார் எழும்பிப் பிளந்து பிசிறடிக்கும். இதைத் தடுக்கத்தான் மேல்தகடு, 18-ஆம் நூற்றாண்டிலேயே அது புழக்கத்தில் இருந்தது. ஆனால் மின்கருவிகள் வந்தபின் அதன் பயனை வெகுவாக மறந்து, பிளேடு அதிராமல் பிடிக்கும் ஒரு தகடு என்றே பலர் எண்ணினர். ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகத்தில் கதோ, கவாய் என்ற இருவர் நுண்ணளவில் படமெடுத்துக் காட்டினர்: மேல்தகடு நுனியிலிருந்து மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குத் தொலைவில் இருந்தால், எழும்பும் சுருளை அங்கேயே மடக்கிவிடும், பிளவு முன்னோக்கி ஓடாது. கைக்கருவி ஆர்வலர்கள் அந்தப் படத்தைத் தங்களுக்குள் பரப்பி, தங்கள் பழைய இழைப்புளிகளிலேயே செய்து பார்த்தார்கள். மின்சார இழைப்பான் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். பலகையின் பருமனைக் குறைக்க அதுவே ஏற்றது. இறுதிப் பரப்பில் சுழலும் கத்தி விட்ட அலைகளைப் போக்க இன்றும் கை இழைப்புளியை எடுப்பவர்கள் உண்டு.

துருவைப் போக்கினால் வரலாறும் போய்விடும் என்று சேகரிப்பாளர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஐந்தரை அங்குலமே உள்ள அரிய முதலாம் எண்ணைச் சுரண்டிப் பளபளப்பாக்குவது தவறு, அது கிடைத்தபடியே இருக்கட்டும். கொட்டிக் கிடக்கும் நான்காம், ஐந்தாம் எண்களுக்கு அந்த விதி வேண்டாம். வேலை செய்யவே பிறந்தவை அவை. பெரிய நகரங்களின் பழைய சாமான் கடைகளிலோ உங்கள் வீட்டுப் பரணிலோ இப்படி ஒன்று கண்ணில் பட்டால், எடைக்குப் போடுமுன் பூட்டுத்தகட்டைத் தூக்கிப் பாருங்கள். அடியில் வாயைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அதை விற்காதீர்கள், ஒரு சாணைக்கல் வாங்குங்கள்.