கற்பிக்க வருபவர் முதலில் கற்கட்டும்

கைத்தொழிலுக்கு ஓவியரின் துணை வேண்டும் என்பது நெசவாளராகிய நாம் அறியாததன்று. 1956-ஆம் ஆண்டில் நெசவாளர் சேவை மையங்கள் தோன்றியபோது ஓவியர்களும் அவற்றில் பணிக்கு அமர்த்தப்பெற்றனர். பம்பாய் மையத்தில் 1959 முதல் 1961 வரை ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியன் பணியாற்றினார். காகிதத்தில் அழகாய் விளங்கும் கோலம், பாவிலும் ஊடையிலும் அமையுமா என்பதைத் தறியில் அமர்ந்தவரே சொல்ல முடியும். ஆகவே, ஓவியர் ஊரில் தங்கிப் பழகுவது ஊருக்குச் செய்யும் உபகாரம் மட்டுமன்று; அவருடைய கல்வியும் அதுவே.

இக்காலத்தில் கலை பயில்வோர் சிலர், நகரத்தினின்றும் ஒதுங்கிய மக்களிடையே சில மாதங்கள் தங்கிப் பயிற்சி பெறுகின்றனர். இதனால் விளையும் நன்மை யாருக்கு என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.

நமது தருமபுரி மாவட்டத்திலேயே இதற்கு நல்ல பாடம் உண்டு. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்டது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடியினரே அங்குப் பெரும்பான்மையோர். லம்பாடி மக்களும் வாழ்கின்றனர். 1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்குக் குடியேறி, கூரைக் கொட்டகை ஒன்றில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். உள்ளூர்ப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பழக்கினர். பின்னர் இயற்கை முறையில் பயிரிடும் உழவர்களின் சங்கமும் எழுந்தது.

லம்பாடிப் பெண்டிர் கண்ணாடிச் சில்லும் சோழியும் நாணயமும் பதித்துத் தம் உடையைத் தாமே தைத்த காலம் உண்டு. ஆலைத் துணியும் சேலையும் பரவியபின் அவ்வுடை மறைந்தது. ஊசிவேலையும் உடன் மறைந்தது. இரு தலைமுறைக்குப்பின் அதனை அறிந்தோர் முதிய பெண்கள் சிலரே. மருத்துவர் லலிதாவின் ஊக்கத்தால் அம்மூதாட்டியர் இளம்பெண்களுக்குத் தையல்களைக் கற்பித்தனர். அவ்வாறு உருவானதே ‘போர்கை’ என்னும் கைவினைப் பெண்கள் சங்கம். லம்பாடி மொழியில் அச்சொல்லுக்குப் ‘பெருமை’ என்பது பொருள். அங்கே முதல் ஆசிரியர் வெளியூரிலிருந்து வரவில்லை என்பதை அங்கத்தினர்கள் கருத்தில் கொள்வார்களாக.

வேறொரு வரலாறும் நாம் அறியத்தக்கது. போபால் நகரில் 1982-இல் திறக்கப்பெற்ற பாரத் பவனுக்காக, ஓவியர் ஜே. சுவாமிநாதன் மாணவர்களைப் பழங்குடிக் கிராமங்களுக்கு அனுப்பினார். பட்டண்கட் என்னும் சிற்றூரில் அவர்கள் கண்ட சுவரோவியங்கள், ஜங்கர் சிங் சியாம் என்ற கோண்டு இளைஞரை உலகறியச் செய்தன. அவர் பெயர் மறைக்கப்படவில்லை, இது பாராட்டற்குரியது. ஆயினும், 2001-இல் ஜப்பானிய அருங்காட்சியகம் ஒன்றில் தங்கி ஓவியம் தீட்டிவந்த காலத்தில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தங்கிக் கற்க ஊருக்குள் வருபவருக்குச் சுற்றிலும் விருந்தோம்பல் உண்டு. ஊரைவிட்டு அழைத்துச் செல்லப்படும் கலைஞருக்கோ பேச்சுத்துணையும் இராது. அழைப்போர் அவர் நலனுக்கு முழுப்பொறுப்பு ஏற்றல் வேண்டும்.

இவற்றிலிருந்து நம் சங்கங்கள் கைக்கொள்ளத்தக்க முறைகள் சில உண்டு. முதலாவதாக, ஓவியர் வருமுன் நிர்வாகக் குழு அவருடன் எழுத்து மூலம் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். இரண்டாவதாக, அவருக்குக் கற்பிக்கும் நெசவாளரும் மூதாட்டியும் இழக்கும் வேலை நேரத்துக்குக் கூலி தரப்பட வேண்டும். ஆசிரியருக்கு ஊதியம் அளிப்பது எங்கும் உள்ள வழக்கமே. மூன்றாவதாக, ஊரின் கோலத்தினின்று பிறந்த புதுக் கோலம் விற்பனையாகுமாயின், அவ்வூரார் பெயரும் பங்கும் அதில் இடம்பெற வேண்டும். நான்காவதாக, அறுவடைக் காலத்திலும் பண்டிகைக்கால நெசவின் அவசரத்திலும் பயிற்சி வைத்தல் ஆகாது.

ஓவியர் சில மாதங்களில் திரும்பிச் சென்றுவிடுவார். தொழிலை நடத்த வேண்டியவர்கள் நாம். அவர் சென்றபின் நம் கையில் வேலையும் கணக்கில் வரவும் எஞ்சியிருப்பின் அப்பயிற்சி வெற்றி பெற்றதாகும். அவருடைய கண்காட்சிக்குப் படங்கள் மட்டுமே கிடைத்திருப்பின், அதை மற்றொரு வகை இடைத்தரகு என்றே கொள்ள வேண்டும். இடைத்தரகை ஒழிக்கவன்றோ நாம் கூட்டுறவில் சேர்ந்தோம்!