மூளை நோய்களும் பரம்பரையலகும்

மூளைக்கு நேரும் கேடுகளுட் பல இருவகையுள் அடங்கக் காண்கிறோம். கலங்கள் வரம்பின்றிப் பெருகிக் கழலையாதல் ஒன்று; நரம்புக் கலங்கள் காலத்துக்கு முன்னரே தேய்ந்து மடிதல் மற்றொன்று. முன்னையது மிகை, பின்னையது குறைவு. ஆதலின் இவ்விரண்டுக்கும் தொடர்பில்லையெனத் தோன்றும். எனினும், இரண்டினையும் ஒரே முறையால் ஆராய்ந்து பயன் கண்டவர் ஒருவர் உளர். கனடாவிலே பிறந்து, அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் ஆய்வு நடத்திய ஜேம்ஸ் குசெல்லா என்பவரே அவர்.

தேய்வு நோயை முதலில் நோக்குவோம். 1872 இல் ஜோர்ஜ் ஹன்ரிங்ரன் என்னும் அமெரிக்க வைத்தியர் விவரித்த நோயொன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. அது பெரும்பாலும் நடுவயதில் தொடங்கும். கைகால்களைக் கட்டுக்கடங்காது அசையச் செய்யும். அறிவையும் மனநிலையையும் குலைத்து ஈற்றில் உயிரையும் கவரும். பெற்றோருள் ஒருவருக்கு இந்நோய் உண்டாயின், பிள்ளை ஒவ்வொன்றும் அதற்குரிய பழுதைப் பெறும் வாய்ப்பு இரண்டிலொன்றாகும். நோய் வெளிப்படுமுன்னரே பலர் மக்களைப் பெற்றுவிடுவர் என்பதே இதன் கொடுமை.

ஜீன் எனப்படும் பரம்பரையலகு, நிறமூர்த்தங்களிலுள்ள டி.என்.ஏ. இழையின் ஒரு பகுதி. இந்நோய்க்குக் காரணமான பரம்பரையலகு எந்த நிறமூர்த்தத்தில் உளதென்பது அக்காலத்தில் எவர்க்கும் தெரியாது. முகவரி அறியாத வீட்டினைக் கோயிற் கோபுரத்தை அடையாளமாகக் கொண்டு தேடுவதுபோல, நோயோடு சேர்ந்தே தலைமுறை தலைமுறையாக இறங்கிவரும் டி.என்.ஏ. அடையாளம் ஒன்றைக் குசெல்லா தேடினார். அதற்குப் பெரிய குடும்பங்களின் குருதி வேண்டியிருந்தது. வெனிசுவேலா நாட்டின் மரக்கைபோ ஏரிக்கரை மீனவரிடையே இந்நோய் மிகுந்திருந்தது. நான்சி வெக்ஸ்லர் தலைமையிலான குழுவினர் அங்கு சென்று குருதி மாதிரிகளைச் சேர்த்தனர். அவர்கள் வரைந்த வமிசாவளி காலப்போக்கில் பத்துத் தலைமுறைகளையும் 18,000 பேருக்கு மேற்பட்டோரையும் உள்ளடக்கியது. 1983 இல் அடையாளம் நான்காம் நிறமூர்த்தத்தில் அகப்பட்டது. ஆயினும், பரம்பரையலகையே கண்டறிய மேலும் பத்து ஆண்டுகள் சென்றன. 1993 இல் பல ஆய்வுக் குழுக்கள் கூடி அதனைக் கண்டன. அதிலே சி-ஏ-ஜி என்னும் மூவெழுத்துத் தொடர் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதே பழுது என்பது புலனாயிற்று. இத்தொடர் நாற்பது முறையோ அதற்கு மேலோ வருமாயின், வழக்கமான ஆயுட்காலத்துள் நோய் தோன்றியே தீரும்.

அதே 1993 இல் கழலை பற்றிய ஆய்வும் கைகூடிற்று. இரு செவிநரம்புகளிலும் மூளையுறையிலும் கழலைகளைத் தோற்றுவித்துக் கேள்வியைப் பறிக்கும் பரம்பரை நோயொன்று உண்டு. 1986 இல் குசெல்லாவும் உடனாய்வாளரும் நோயாளரின் கழலையையும் குருதியையும் ஒப்புநோக்கினர். குருதியில் இருந்த இருபத்திரண்டாம் நிறமூர்த்தப் பகுதி கழலையில் இல்லாதிருக்கக் கண்டனர். அவ்வழியே சென்று, மேர்லின் என்னும் புரதத்தை ஆக்கும் பரம்பரையலகை அடைந்தனர். கலங்கள் ஒன்றையொன்று நெருங்குங்கால் பெருக்கத்தைத் தடுப்பது அப்புரதம். தாய்வழி, தந்தைவழி வந்த இரு பிரதிகளும் பழுதுறின் அத்தடை நீங்கிக் கழலை வளர்கின்றது.

இரு நோய்களும் பின்னர் எதிர்பாராத ஓரிடத்தில் அணுகின. சி-ஏ-ஜி எண்ணிக்கை ஒத்தவரிடையேயும் ஹன்ரிங்ரன் நோய் தொடங்கும் வயது பெரிதும் வேறுபடுவதேன் என்னும் வினாவைக் குசெல்லா முதலானோர் எழுப்பினர். ஆயிரக்கணக்கான நோயாளரை ஆராய்ந்து 2015 இலும் 2019 இலும் வெளியிட்ட முடிவுகள், டி.என்.ஏ. இழையின் பிழைகளைச் செப்பனிடும் பரம்பரையலகுகளைச் சுட்டின. அப்பணியே நரம்புக் கலங்களில் வழிதவறி, மூவெழுத்துத் தொடரை வாழ்நாள் முழுவதும் மேலும் நீளச்செய்கிறது. ஆனால், அவற்றுட் சில பழுதுற்றுச் செப்பனிடும் ஆற்றல் அற்றுப்போமாயின் குடற்புற்றும், சிலரிடத்து மூளைக் கழலையும் விளையும். ஆதலின் அச்செயலைத் தணித்துத் தேய்வை ஆற்ற முயல்வோர், கழலையை வரவழையாவாறு மிகுந்த விழிப்புடன் செல்லவேண்டியவராகின்றனர்.

பூரணமாகக் குணமாக்கும் மருந்து இன்னும் கைகூடவில்லை. எனினும், பரம்பரையலகு அகப்பட்டபின், நோய் வருமா வராதா என்பதை ஒரு துளிக் குருதி முன்கூட்டியே உரைத்துவிடும். தடுக்க வழியில்லாததொன்றை அறிதல் நன்றோ, அறியாதிருத்தல் நன்றோ? அமெரிக்காவில் இத்தகைய சோதனையை நாடுவோர்க்கு முன்னும் பின்னும் ஆலோசனை வழங்கும் முறை இதனாலேயே ஏற்பட்டது. இவ்வினா நான்சி வெக்ஸ்லருக்கும் அயலானதன்று. அவருடைய தாயார் இந்நோயால் 1978 இல் இறந்தார். தமக்கும் அந்நோய் உண்டென்பதை அவர் 2020 இல் உலகறியச் சொன்னார். ஏரிக்கரை மீனவர் தம் குருதியைக் கொடுத்தனர். அவரோ தம் வாழ்நாளையே கொடுத்தார். அவர்களிடம் பெற்ற அறிவு மருந்தாகி அவர்களிடமே மீளும்வரை விஞ்ஞானம் அவர்கட்குக் கடன்பட்டதேயாம்.